அலாட்மெண்ட் வந்தாயிற்று, சாவி எப்போது வரும்?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பிழைப்பைத் தேடித் தில்லிக்கு வந்த நம்மில் பெரும்பாலோருக்கு வீட்டைக் கட்டிப் பார்க்கும் பாக்கியம் கிடையாது; கட்டி வைத்திருப்பதை வாங்கித்தான் பார்க்க வேண்டும். அதிலும் மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டும் விலையில், மூலப் பத்திரம் சரியா, வில்லங்கம் உண்டா என்ற பயமில்லாமல் கிடைப்பது தில்லி வளர்ச்சி ஆணையத்தின் வீடு. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்த ஆணையத்தை நாம் எல்லோரும் டி.டி.ஏ. என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

மத்திய அரசின் கணக்குப் பிரிவு ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கோப்புகள் எப்படி நகரும், எங்கே உட்காரும் என்பது ஓரளவு தெரியும். அந்தக் காரணத்தால், "அலாட்மெண்ட் வந்து மாதங்கள் ஆகின்றன, இன்னும் சாவி வரவில்லை, என்ன செய்யலாம்?" என்று நம் சங்க உறுப்பினர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒருசேர எழுதுகிறேன்.

காத்திருப்பு நமக்குப் புதிதல்ல

1979-ல் புதிய முறைப் பதிவுத் திட்டம் என்று ஒன்று வந்தது. எம்.ஐ.ஜி., எல்.ஐ.ஜி., ஜனதா என மூன்று பிரிவுகள். சுமார் 1,71,000 பேர் பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டார்கள். அவர்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்கள் உண்டு. பதிவு செய்தபோது பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கல்யாணமாகிப் பேரனும் பிறந்த பிறகு அலாட்மெண்ட் வந்த குடும்பங்களை நானே அறிவேன்.

இன்று நிலைமை வேறு. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கும் முறை போய், அவ்வப்போது அறிவிக்கப்படும் திட்டங்களில் குலுக்கல் மூலமாகவோ, முதலில் வருபவருக்கு முதலில் என்ற முறையிலோ வீடு கிடைக்கிறது. 2014-ல் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. வீட்டைப் போய்ப் பார்த்த பலர், இடம் தூரம், அறை சிறிது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்படித் திரும்பி வந்த வீடுகளே 2017-ஆம் ஆண்டுத் திட்டத்தில் பெரும் பகுதி. ஆகவே இப்போது தாமதம் என்பது பெரும்பாலும் வீட்டுக்காகக் காத்திருப்பது அல்ல. வீடு நம் பெயருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு சாவி வரையிலும், சாவி கிடைத்த பிறகு பத்திரம் வரையிலும் ஆகும் தாமதமே.

நாட்கள் எங்கே போகின்றன?

வழி இதுதான். முதலில் ஒதுக்கீடு. பிறகு இவ்வளவு தொகை கட்டு என்று டிமாண்ட் லெட்டர். பணம் கட்டியதும் நம் அடையாளம், முகவரி, உறுதிமொழிப் பத்திரங்கள் ஆகியவற்றின் சரிபார்ப்பு. அதன் பின் பொசஷன் லெட்டர். அதை எடுத்துக்கொண்டு வீடு இருக்கும் இடத்துக்குப் போனால் அங்குள்ள ஜூனியர் இன்ஜினியர் சாவி தருவார். கடைசியாக, வீட்டின் உரிமையை நம் பெயருக்கு மாற்றும் கன்வேயன்ஸ் டீட், அதற்கு முத்திரைத் தீர்வை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு.

இந்த வழியில் கோப்பு மூன்று இடங்களில் நிற்கும். வீடு கொடுப்பவரிடம் நிற்கலாம், கடன் கொடுக்கும் வங்கியிடம் நிற்கலாம், நம்மிடமே நிற்கலாம். "தாமதம், தாமதம்" என்று அலுத்துக்கொள்ளும் முன் இந்த மூன்றில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மருந்து அதற்குத் தகுந்தாற்போல் மாறும்.

நம் பெயரே நமக்குத் தடை

தமிழர்களுக்கென்றே ஒரு தாமதம் உண்டு. அது இனிஷியல்.

வடக்கே பெயர் என்றால் பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பப் பெயர் இருந்தாக வேண்டும். நமக்கு அது கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான். பள்ளிச் சான்றிதழில் எஸ். ராமநாதன், பான் அட்டையில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் சுப்பிரமணியன் ராமநாதன், ஆதாரில் ராமநாதன் எஸ், வங்கிக் கணக்கில் ராமநாதன் சுப்பிரமணியன். நால்வரும் ஒரே ஆள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோப்பைப் பார்க்கும் எழுத்தருக்கு எப்படித் தெரியும்? பெண்கள் விஷயத்தில் இது இரட்டிப்பு. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். என் மனைவியின் பெயர் ஐந்து காகிதங்களில் மூன்று விதமாக இருந்தது. அதில் ஒன்றுகூடத் தவறு என்று சொல்ல முடியாது. மூன்றும் நம் ஊர் வழக்கப்படி சரியே.

இதற்கு இரண்டு வழிகள். நேரம் இருந்தால், விண்ணப்பம் போடும் முன்பே பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நேரம் இல்லையென்றால், இந்த எல்லாப் பெயர்களும் ஒரே நபரைக் குறிப்பவை என்று முத்திரைத் தாளில் ஒரு அஃபிடவிட் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, கேட்கும் முன்பே கோப்போடு சேர்த்துவிட வேண்டும். கேட்ட பிறகு கொடுத்தால், ஆட்சேபக் கடிதம் நமக்கு வந்து, நம் பதில் போய், கோப்பு மறுபடி அடியிலிருந்து மேலே ஏற வேண்டும். மொட்டைக் கையெழுத்தும் இப்படித்தான். வங்கியில் தமிழில் கையெழுத்து, விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் கையெழுத்து என்று இருந்தால் வங்கி மேலாளரின் சான்று கேட்பார்கள். தமிழில் கையெழுத்துப் போடுவது குற்றமில்லை. எல்லா இடத்திலும் அதையே போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று முகவரி. மாற்றலாகிப் போகிறவர்கள் நாம். பழைய குவார்ட்டர்ஸ் முகவரிக்கே கடிதம் போய்த் திரும்பி, அதனால் ஒதுக்கீடு ரத்தாகி, அதை மீட்கத் தில்லி உயர் நீதிமன்றம் வரை போனவர்களின் வழக்குகள் ஏராளம். முகவரி மாறியவுடன் எழுத்து மூலம் தெரிவித்து, தெரிவித்ததற்கான அத்தாட்சியையும் வைத்துக்கொள்ள வேண்டும். இப்போது விண்ணப்பமும் கடிதப் போக்குவரத்தும் பெரும்பாலும் கணினி வழியாக நடப்பதால், கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் முகவரிக்குச் சமம். விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணை வேலை முடியும் வரை மாற்றாதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில் ஒதுக்கீடு பெற்றவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும். ஊரில் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் தமிழில் இருந்தால் இங்கே யாரும் படிக்கமாட்டார்கள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்த்து, நோட்டரி சான்றுடன் மூலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மற்ற வாரிசுகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதானால் அதற்கும் முறையான பத்திரம் தேவை. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய அலைச்சல். உறவினரில் விவரம் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்றுச் செய்து கொடுப்பது பெரிய உதவி.

ஊரில் பூர்வீக வீடு இருக்கிறதே, அதனால் ஒதுக்கீடு தடைப்படுமா என்று பலர் பயப்படுகிறார்கள். தகுதி விதி தில்லிக்குள் இருக்கும் சொத்தைப் பற்றியது. கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ இருக்கும் வீட்டைப் பற்றியது அல்ல. ஆனால் இந்த விதியைத் திட்டத்துக்குத் திட்டம் மாற்றுகிறார்கள். அந்தந்தத் திட்டத்தின் கையேட்டை முழுவதும் படித்த பிறகே உறுதிமொழியில் கையெழுத்திடுங்கள்.

பணமும் கெடுவும்

டிமாண்ட் லெட்டர் தேதியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இத்தனை நாளுக்குள் கட்டினால் வட்டியில்லை, அதற்கு மேல் இத்தனை நாள் வரை வட்டியுடன், அதையும் தாண்டினால் ஒதுக்கீடு தானாகவே ரத்து என்று கையேட்டில் இருக்கும். நாட்களின் எண்ணிக்கை திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். கெடு நமக்குத்தான், வங்கிக்கு அல்ல. வங்கி தாமதம் செய்தது என்று நாம் சொன்னால் அது ரத்தைத் தடுக்காது.

என் விஷயத்தில் தாமதம் செய்தது கடன் கொடுத்த வங்கிதான். சட்ட ஆலோசகரின் அறிக்கை வரவில்லை, வரவில்லை என்று மூன்று வாரம் ஓடியது. கெடுவுக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் கடைசித் தேதி இது, உங்களுக்கு என்னிடமிருந்து இன்னும் தேவைப்படும் காகிதம் எது என்று எழுத்தில் தெரிவிக்கவும் என்று இரண்டே வரி. காகிதம் எதுவும் பாக்கி இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. நான்காம் நாள் பணம் போய்ச் சேர்ந்தது. கோபமாகப் பேசியிருந்தால் இன்னொரு வாரம் ஆகியிருக்கும்.

ஆகவே, ஒதுக்கீடு வரும் முன்பே வங்கியில் நம் வருமானத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்ற கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒதுக்கீடு வந்ததும், வீட்டை அடமானம் வைக்க டி.டி.ஏ.யின் அனுமதிக் கடிதத்தை வங்கி கேட்கும். அதற்கு அன்றைக்கே விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்கள் வீடு கட்டும் முன்பணம் வாங்குவதாக இருந்தால் (2017 விதிகளின்படி 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம், இதில் எது குறைவோ அது) தங்கள் அலுவலகத்தின் அனுமதி வர ஆகும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பணம் கட்டிய ரசீதில் கோப்பு எண்ணும் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் போய்ச் சேர்ந்தும் வேறு கணக்கில் நின்றுவிட்டால், சரிபார்ப்பு நடக்கவே நடக்காது.

காத்திருப்பின் விலை

தாமதம் என்றால் வெறும் அலுப்பு மட்டுமல்ல. கடன் தவணை தொடங்கிவிட்டது, வாடகையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றால் ஒவ்வொரு மாதமும் இரட்டைச் செலவு. ஓய்வு பெறுகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். அரசுக் குவார்ட்டர்ஸை ஓய்வுக்குப் பின் ஆறு மாதம் வரைதான் வழக்கமான கட்டணத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் அபராத வாடகை, அது மாதந்தோறும் ஏறும். ஓய்வுக்கு ஒன்றரை ஆண்டு இருக்கும்போதே வீட்டு வேலையைத் தொடங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கிராஜுவிட்டி வந்தபின் பார்க்கலாம் என்று இருந்தால் ஆறு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

குடும்பத்தினருக்கும் ஒரு வார்த்தை. சாவி கையில் வரும் முன் வாடகை வீட்டுக்காரரிடம் காலி செய்கிறேன் என்று சொல்லாதீர்கள். பிள்ளைகளின் பள்ளியை மாற்றாதீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்து, ஊரிலிருந்து அம்மா அப்பாவுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட்டும் போட்டுவிட்டு, சாவி வராமல் கையைப் பிசைந்தவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்குத்தான் என்பதால், பொசஷன் லெட்டர் வந்த பிறகு தேதி குறித்தாலும் டிக்கெட் கிடைக்கும். ஆடியும் மார்கழியும் குறுக்கே வந்தால் வரட்டும். பால் காய்ச்சிக் குடி போய்விட்டு, ஹோமத்தைத் தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சாவி வாங்கும் நாள்

பொசஷன் லெட்டர் வந்ததும் நாமும் தாமதிக்கக் கூடாது. குறித்த காலத்துக்குள் போய் எடுத்துக்கொள்ளாவிட்டால் காவல் கட்டணம் என்று வசூலிப்பார்கள். போகும்போது ஒரு எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் அழைத்துப் போங்கள். குழாய், கதவு, ஜன்னல் கண்ணாடி, மேல்தளத்தில் ஒழுகல், கழிவுநீர் போகிறதா என்று பார்த்து, குறை இருந்தால் பட்டியலாக எழுதி, சாவி வாங்கும்போதே கொடுத்து, ஒரு நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அச்சடித்த படிவத்தில் முதலில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு குறை சொன்னால் எடுபடாது.

வீட்டை விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு முறை போய்ப் பார்ப்பது இதைவிட நல்லது. தண்ணீர் வருகிறதா, பஸ் இருக்கிறதா, மாலையில் பெண்கள் தனியாக வர முடியுமா என்று அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். 2014-ல் திருப்பிக் கொடுத்தவர்கள் பட்ட சிரமம் நமக்கு வேண்டாம்.

பத்திரம் பதிவாகும் வரை

சாவி வந்துவிட்டது என்று பலர் கன்வேயன்ஸ் டீடை ஒத்திப் போடுகிறார்கள். குடியிருக்கிறோமே, அவசரம் என்ன என்ற நினைப்பு. பதிவான பத்திரம் இல்லாமல் விற்க முடியாது; பிள்ளைகளுக்கு எழுதிவைப்பதிலும் சிக்கல் வரும். சாவி வாங்கிய மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பதிவுச் சட்டப்படி, கையெழுத்தான தேதியிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைச் சார்பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த நான்கு மாதத்துக்குள் அபராதத்துடன் கொடுக்கலாம். அபராதம் பதிவுக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை போகலாம். தில்லியில் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் தீர்வை ஆண்களைவிட இரண்டு சதவிகிதம் குறைவு. ஐம்பது லட்ச ரூபாய் வீட்டில் இது ஒரு லட்சம். யார் பெயரில் வாங்குவது என்பதை விண்ணப்பம் போடும்போதே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவழியில் பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும் இன்னொரு கோப்பு.

மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டவர்கள் மனைவிக்கோ கணவருக்கோ பதிவு செய்த பவர் பத்திரம் கொடுத்து வேலையை முடிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பவர் கொடுப்பதானால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

கோப்பு நகரவில்லை என்றால்

நம் பக்கம் எல்லாம் சரி, பணமும் கட்டியாயிற்று, இருந்தும் சாவி வரவில்லை. அப்போது என்ன செய்வது?

முதல் படி, எழுத்து. நேரில் போய்ப் பத்து முறை கேட்பதைவிட, தேதி போட்ட ஒரு கடிதம் மேல். கடிதத்தை வரவேற்புக் கவுண்டரில் கொடுத்து, நம் நகலில் முத்திரையும் டைரி நம்பரும் வாங்குங்கள். இந்த நம்பர் இல்லாத கடிதம் எழுதாத கடிதத்துக்குச் சமம். கடிதத்தில் புலம்பல் வேண்டாம். கோப்பு எண், பணம் கட்டிய தேதி, கொடுத்த காகிதங்கள், கேட்பது என்ன, அவ்வளவு போதும். மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்யலாம், டி.டி.ஏ. மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் கீழ் வருவது.

இரண்டாம் படி, 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். "என் வீடு ஏன் வரவில்லை?" என்று கேட்கக் கூடாது, ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது. என் கோப்பு எந்தெந்தத் தேதியில் எந்தெந்தப் பதவியில் இருப்பவரிடம் சென்றது, இன்று யாரிடம் இருக்கிறது, அதில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், இந்த வேலைக்கு விதியில் குறித்த கால அளவு என்ன என்று கேளுங்கள். பதில் வரும் முன்பே கோப்பு நகர்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பதில் வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பின் தொண்ணூறு நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம்.

மூன்றாம் படி, நுகர்வோர் ஆணையம். அரசு அமைப்பை அங்கே இழுக்க முடியுமா என்ற சந்தேகத்தை 1993-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. லக்னோ வளர்ச்சி ஆணையத்துக்கும் எம்.கே. குப்தா என்பவருக்கும் நடந்த வழக்கு அது. முழுப் பணமும் கட்டி, பதிவும் ஆன பிறகு, கட்டட வேலை முடியாததால் அவருக்கு வீடு கிடைக்கவில்லை. வீடு கட்டிக் கொடுப்பது ஒரு சேவை. அரசின் வளர்ச்சி ஆணையமும் நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே. அலைக்கழித்ததற்கு நஷ்டஈடு உண்டு. அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து வசூலிக்கவும் செய்யலாம் என்று தீர்ப்பாயிற்று. பின்னர் 2004-ல் காஜியாபாத் வளர்ச்சி ஆணையம், பல்பீர் சிங் வழக்கில், எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 18 சதவிகித வட்டி என்று கொடுக்கக் கூடாது, அவரவர் பட்ட நஷ்டத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, வாடகை ரசீது, வட்டிக் கணக்கு, அலைந்த செலவு எல்லாவற்றுக்கும் அத்தாட்சி சேர்த்துவைக்க வேண்டும் என்பதே.

இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நமக்கு முக்கியமான ஒரு வசதி இதில் இருக்கிறது. புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். தில்லியில் வீடு ஒதுக்கப்பட்டு, ஓய்வுக்குப் பின் சென்னையிலோ திருச்சியிலோ இருப்பவர் வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏற வேண்டியதில்லை.

கட்டட வேலை முடியாமலே விற்கப்பட்ட வீடு என்றால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டமும் உண்டு. விற்பனையாளர் என்ற சொல்லுக்குள் அரசின் வளர்ச்சி ஆணையங்களையும் அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. சொன்ன தேதிக்கு வீடு தராவிட்டால், காத்திருக்கும் மாதங்களுக்கு வட்டி கேட்கலாம். வேண்டாம் என்றால் பணத்தை வட்டியுடன் திருப்பிக் கேட்கலாம்.

இந்த மூன்று படிகளிலும் இல்லாத நான்காவது ஒன்றை எல்லோரும் காதில் ஓதுவார்கள். வாசலில் நிற்கும் ஒருவர், "இத்தனை கொடுங்கள், நாளைக்கே முடித்துத் தருகிறேன்" என்பார். கொடுக்காதீர்கள். அவர் முடித்துத் தருவது பெரும்பாலும் தானாகவே முடியவிருந்த வேலை. மூலக் காகிதங்களையும் அவர் கையில் கொடுத்துவிட்டால் பிறகு அவற்றைத் தேடி அலைய வேண்டும்.

வரிச் சலுகை போய்விடுமா?

ஊரில் வீட்டையோ மனையையோ விற்ற பணத்தில் இங்கே வாங்குகிறவர்களுக்கு ஒரு கவலை. புது வீட்டை வாங்கினால் இரண்டு ஆண்டு, கட்டினால் மூன்று ஆண்டு என்ற கெடுவுக்குள் முடித்தால்தான் மூலதன ஆதாயத்துக்கு வரி விலக்கு. சாவி தாமதமானால் விலக்கு போய்விடுமோ? 1986 அக்டோபரில் மத்திய நேரடி வரிகள் வாரியம் 471-ஆம் எண் சுற்றறிக்கையில், டி.டி.ஏ.யின் சுயநிதித் திட்டத்தில் ஒதுக்கப்படும் வீட்டைக் கட்டப்படும் வீடாகவே கருதலாம் என்று கூறியது. ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தாலே உரிமை தொடங்குகிறது, தவணை கட்டுவதும் சாவி வாங்குவதும் அதைத் தொடரும் காரியங்கள் என்பது அதன் சாரம். 1993 டிசம்பரில் 672-ஆம் எண் சுற்றறிக்கை, இதே போன்ற திட்டங்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பிற அமைப்புகளுக்கும் இதை விரித்தது. ஆனால் ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டை வாங்குவது வேறு. அதற்கு இரண்டு ஆண்டுக் கணக்குதான். செலவாகாத பணத்தை, வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் தேதிக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். வருமான வரிச் சட்டமே 2025-ல் புதிதாக எழுதப்பட்டிருப்பதால், உங்கள் தேதிகளை எடுத்துக்கொண்டு ஆடிட்டரை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பிறரிடமிருந்து வாங்கும் டி.டி.ஏ. வீடு

காத்திருக்கப் பொறுமையில்லாமல், ஏற்கெனவே ஒதுக்கீடு பெற்றவரிடமிருந்து வாங்குகிறவர்கள் அதிகம். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, வீடு ஃப்ரீஹோல்டா, லீஸ்ஹோல்டா என்பது. 1992 முதல் குத்தகை உரிமையை முழு உரிமையாக மாற்றிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். மாற்றாத வீட்டை, பவர் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றையும் வைத்துக் கைமாற்றுவது தில்லியில் நீண்டகாலப் பழக்கம். 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட கைமாற்றம் உரிமையைத் தராது, பதிவு செய்த விற்பனைப் பத்திரம்தான் தரும் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. பவரில் மலிவாகக் கிடைக்கிறது என்று டீலர் சொன்னால், விற்பவரே முதலில் ஃப்ரீஹோல்டாக மாற்றட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவிகித வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. இந்த விதி 2013 ஜூன் முதல் இருக்கிறது.

முடிவாக, ஒரு கோப்பு அட்டை வாங்கி, விண்ணப்பத்தின் நகலிலிருந்து கடைசி ரசீது வரை தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். ஒன்று வீட்டில், ஒன்று ஊரில் அண்ணன் தம்பியிடம். இந்த விவரங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். காகிதங்களைப் புரட்டிப் பார்க்க ஆள் வேண்டும் என்பவர்கள் ஞாயிறு காலை சங்க நூலகத்துக்கு அவற்றை எடுத்து வரலாம். பத்து மணி முதல் நான் அங்கேதான் இருப்பேன்.